கசிவுக் கணக்கு

வாடகை வீட்டின் கடைசி மார்கழியில்
ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு
ஜன்னல் ஜன்னலாக நடந்தேன்.
சாமிக்கு இல்லை.
புகை நேராக ஏறினால் சரி,
வளைந்தால் அங்கே காற்று நுழைகிறது.
பதினாலு இடத்தில் வளைந்தது.
தேயிலை ஆபீசில் கணக்கு எழுதுகிறவள் நான்,
பதினாலையும் குறித்து வைத்தேன்.
அடுப்படியில் புகை
படுத்தே விட்டது.

அரவேணுவுக்கு மேலே நாலு சென்ட்.
சுவர் எழும்பியதும்
மேட்டுப்பாளையத்திலிருந்து ஷாஜகான் வந்தார்,
ஜன்னல்களின் மூலைகளை மட்டும் வெட்டி
சூட்கேஸில் அடுக்கிக்கொண்டு.
"ரெண்டு கண்ணாடி மேடம், நடுவில் அரை இஞ்ச்."
நடுவில் என்ன?
"ஒண்ணுமில்ல. அசையாத காத்து.
கூடக் கொடுத்தா ஆர்கான்."
விலை இரண்டரை மடங்கு.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் பணம் என்பது
விளங்க எனக்கு ஓர் இரவு பிடித்தது,
கம்பளியை இழுத்துப் போர்த்தும்போது.
அதுவும் நூலுக்கு நடுவே
பிடித்து வைத்த காற்றுதானே.

கொட்டேஷன் அப்படி இரண்டுக்குத்தான் தாங்கியது.
தைச் சூரியன் தெற்கே சாய்ந்து வருவான்,
அவனுக்கு ஆளுயர ஜன்னல் ஒன்று.
ஐப்பசி மழை எங்களுக்குக் கிழக்கிலிருந்து
பக்கவாட்டில் நடந்து வரும்,
படுக்கையறையில் அதற்கு ஒன்று.
வடக்கே காலண்டர் அகலத்துக்கு ஒற்றைக் கண்ணாடி, போதும்.
மேஸ்திரி சன்னாசி கரண்டியைக் கீழே வைத்தார்.
"வாஸ்துப்படி பார்க்கலையாம்மா?"
காத்துப்படி பார்க்கிறேன் என்றேன்.

கதவுக்கு வந்தோம்.
"உள்ளே நுரை அடைச்சது, குளிர் ஏறாது."
கரடி?
ஷாஜகான் சிரித்தார்.
நாங்கள் சிரிக்கவில்லை.
போன வருஷம் மேல்வீட்டில்
விளக்கெண்ணெய்க்காகப் பூஜையறைக் கதவைப்
பலாப்பழம் போலப் பிளந்துவிட்டுப் போனது.
இரண்டு இஞ்ச் வேங்கைப் பலகை,
சுற்றிலும் ரப்பர், அடியில் பிரஷ்.
இப்போது சாத்தினால்
பிரிட்ஜ் மூடுகிற சத்தம்.

சண்டை வானத்துக்குத்தான் வந்தது.
தபால் ஆபீசில் இருபது வருஷம்
டியூப்லைட்டுக்கு அடியில் முத்திரை குத்தியவர்
அருள்தாஸ்.
கூடத்துக்கு மேல் நாலுக்கு நாலு
ஸ்கைலைட் வேண்டும் என்றார்.
சூடு மேலேதான் ஏறும்,
போர்வையில் தலைக்கு நேரே
யாராவது ஓட்டை போடுவார்களா?
ஒன்பது நாள்
தட்டு வைக்கிற சத்தத்தில் பேசிக்கொண்டோம்.
பத்தாம் நாள் டேப்பை நீட்டினார்:
ஒன்றரைக்கு இரண்டு,
கூடத்தில்கூட இல்லை, அடுப்படியில்.
சரி என்றேன்.
இரட்டைக் கண்ணாடிக்குக் காசு முடிந்திருந்தது.

குடிவந்த வாரம்.
புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல் உறைபனி.
மறுபடி ஊதுபத்தியோடு சுற்றினேன்,
மூன்றே இடம்.
ஸ்விட்ச் போர்டு ஒன்று, பாத்ரூம் குழாய் ஒன்று,
மூன்றாவதை ஷாஜகானிடம் போனில் சொல்லியாயிற்று.
ஏழு மணிக்கு லைட் போடாமல்
தோசை ஊற்றினேன்.
சட்டென்று கல் இருண்டது.

நிமிர்ந்தேன்.
கண்ணாடியில் அப்பளம்போல் அழுந்திய
ஒரு பிருஷ்டம்.
பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.
குரங்கும் குட்டியும்.
இத்தனை பெரிய கூரையில்
அங்கே மட்டும் ஏன்?
கேள்வி முடியுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது.
என் அடுப்புச் சூடு
அந்த ஒன்றரைக்கு இரண்டு வழியாகத்தான்
வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

"அப்பவே சொன்னேனே"
நாக்கு நுனி வரை வந்தது.
அவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி
அண்ணாந்து நின்றார்.
இரண்டு பிருஷ்டங்களுக்கு நடுவே
மிஞ்சிய வெளிச்சம்
அவர் நெற்றியில் விழுந்திருந்தது.

நோட்டில் எழுதினேன்:
கசிவு நாலு.
நாலாவது, ஸ்கைலைட்,
குரங்கு ஒன்று, குட்டி ஒன்று.

தோசை முடிந்தும் அடுப்பை அணைக்கவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஒரு சட்டி வெந்நீர் வைத்தேன்.